ழகரம் வராத பாட்டி

பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் உள்ளிட்ட எட்டு இடங்களை எழுத்துகளின் பிறப்புக்குக் கூறுகிறது தொல்காப்பியப் பிறப்பியல். அவற்றுள் ஒன்று பழுதுபட்டால்?

பேராக் ரப்பர்த் தோட்டங்களில் வெற்றிலைப் பாக்கு போட்ட தலைமுறையில் வாய்ப்புற்றுநோய் கண்டோர் உண்டு. பாக்கு புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட நூல் உறுதிப்படுத்தியது.

அறுவை சிகிச்சையில் நாவின் நுனி போனால் ழகரமும் ளகரமும் குழையும். மேற்பல் போனால் தகரமும் வகரமும் தெளிவிழக்கும். அண்ணத்தில் துளை விழுந்தால் காற்று மூக்குவழி கசிந்து, பகரம் மகரம்போல் ஒலிக்கும். துளையை மூடச் செயற்கைத் தகடு பொருத்துவர்.

ழகரப் பிழைக்குச் சிரிக்கும் நண்பர்களே, அந்தப் பாட்டி பேசினால் முகம் பார்த்துக் கேளுங்கள். அவர் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். புரியாவிட்டால், "இன்னொரு முறை சொல்லுங்க பாட்டி" என்று கேளுங்கள், புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள்.