பாதத்தின் அமைப்பும் தேகப் பயிற்சியும்

காரியாபட்டியைச் சூழ்ந்த கரிசற் கிராமங்களில், வைகறைப் பொழுதில் சாலையோரமாய் ஓடும் வாலிபரைக் காணாதார் இலர். மானாவாரி வெள்ளாமையை நம்பி வாழும் குடும்பங்களுக்குப் போலீசு, பட்டாள உத்தியோகம் பெரியதோர் ஊன்றுகோலாம். அவ்வாலிபருள் சிலர், “நமக்குத் தட்டைப் பாதமாயிற்றே” என மனமுடைந்து நிற்பர். அவ்வச்சம் எவ்வளவு நியாயமானது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள. அவை நார்களாற் பிணைக்கப்பட்டு, உட்புறத்தில் வில்லைப்போல் வளைந்து நிற்கின்றன. பாதம் தரையில் ஊன்றும்போது இவ்வில் சற்றே தாழ்ந்து அதிர்ச்சியை ஏற்கிறது. எழும்போது நிமிர்ந்து உடலை முன்னே உந்துகிறது. நனைந்த காலைச் சிமெண்டுத் தரையில் ஊன்றி எடுத்தால் ஒருவன் தன் பாதத்தின் அமைப்பைத் தானே அறியலாம். சுவட்டின் நடுப்பாகம் முழுதும் பதிந்தால் தட்டைப் பாதம். முன்பாதமும் குதிகாலும் மாத்திரம் பதிந்தால் வளைவு மிக்க பாதம். நடுவே ஒரு பட்டை பதிந்தால் இடைத்தரம்.

இவற்றுள் அபாயம் எதற்கு? அமெரிக்கக் காலாட்படையிற் பயின்ற 246 பேரைப்பற்றி 1993இல் வெளியான ஆராய்ச்சியில், தட்டைப் பாதத்தினரே குறைவாகக் காயமுற்றனர்; வளைவு மிக்கவரே அதிகம் துன்புற்றனர். அந்நாட்டுக் கடற்படையில் மிகக் கடும்பயிற்சி பெறுவோரைப்பற்றிய 1999ஆம் ஆண்டின் ஆராய்ச்சியிலோ, இரு கோடியினருக்கும் எலும்புக் கீறல் மிகுந்திருந்தது. ஆதலின் தட்டைப் பாதம் ஒன்றையே குற்றவாளியாக்குதல் பொருந்தாது.

நம் நாட்டில் ராவ், ஜோசப் என்னும் மருத்துவர் இருவர் 2300 சிறாரின் பாதச்சுவடுகளை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டனர். காலணி அணிந்தவருள் நூற்றுக்கு 8.6 பேரும், அணியாதவருள் 2.8 பேருமே தட்டைப் பாதத்தினர். எனினும், கருவேல முள் நிறைந்த நம் பாதைகளில் வெறுங்காலுடன் ஓடுக என்பது நம் கருத்தன்று. பாத அமைப்பிற்கேற்பச் சப்பாத்து வழங்கினாற் காயம் குறையுமோ என 2009, 2010ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் படைகளிற் சோதித்தனர், குறையவில்லை. கடன்பட்டு விலையுயர்ந்த சப்பாத்து வாங்குவோர் இதனைச் சிந்திப்பாராக.

பட்டாளத் தேர்விலும், நுனிக்காலில் நிற்கையில் வளைவு தோன்றி, இளக்கமாய், நோவின்றி ஓடவல்ல பாதம் ஏற்கப்படுவதுண்டு. உண்மையில் அஞ்சத்தக்கது அவசரமே. தேர்வு நெருங்கியபின் திடீரென ஓட்டத்தைப் பெருக்கினால், எலும்பு தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள அவகாசமில்லை. கணைக்கால் எலும்பில் ஓரிடத்தில் விரல் வைத்து அழுத்த நோவுண்டானால், ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரை நாடல் வேண்டும். பொறுத்துக்கொண்டு ஓடுதல் வீரமன்று.

ஆகவே மாணாக்கரே, பாதத்தின் வடிவை அறிந்துகொள்க. அதனையே விதியென்று எண்ணற்க. படிப்படியாய்ப் பயின்று, இடையிடையே ஓய்வும் கொள்ளும் பாதமே நெடுந்தூரம் செல்லும்.