பதினொன்றாவது குரோமோசோமில் ஓர் எழுத்து

அன்புள்ள நந்தினிக்கு,

பிளஸ் டூவோடு உயிரியலை விட்டவள், எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்துவிட்டு உயிர்த் தகவலியலில் பிஎச்.டி. சேர முடியுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக முடியும். அந்தத் துறையில் இன்று பஞ்சம் கணக்குத் தெரிந்தவர்களுக்குத்தான். கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ ஜீனோம் நிறுவனத்தின் முதல் இயக்குநர் பார்த்த பிரதிம் மஜும்தார், கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் படித்தவர்.

எங்கே சேர்வது என்பது அப்புறம். எதைக் கேட்கப் போகிறாய் என்று முதலில் யோசி. நல்ல கேள்வி ஒன்று உங்கள் ஊர் அருவங்காட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தைச் சோதித்து, அரிவாள் செல் கூறு இங்கேயும் இருப்பதாக எழுதினார்கள். பீட்டா குளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுவதன் விளைவு அது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த எழுத்து வந்தால் நோய். ஆனால் அப்படி வந்தவர்களிலும் ஒருவர் அடிக்கடி வலியோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இன்னொருவர் பெரிய தொந்தரவில்லாமல் காலம் தள்ளுகிறார். ஏன்? சிசுப் பருவ ஹீமோகுளோபின் சிலருக்கு அதிகமாகத் தங்கிவிடுவது ஒரு காரணம். மற்றக் காரணங்களை ஜீனோம் முழுக்கத் தேட வேண்டும். அங்கேதான் உன் வேலை.

பத்து லட்சம் இடங்களை 5 சதவீத அளவுகோலில் சோதித்தால், ஒன்றுமே இல்லாவிட்டாலும் 50,000 இடங்கள் ‘கண்டுபிடிப்பு’ என்று வந்து நிற்கும். இது உனக்குப் பாடத்திலேயே வந்திருக்கும். இதைவிடப் பெரிய பொறி வேறு. நோயாளிகளைப் பணியரிடமிருந்தும், நோயில்லாதவர்களைப் படகரிடமிருந்தும் எடுத்துக்கொண்டால், இரண்டு சமூகங்களுக்கும் இடையே வரலாறு போட்ட வித்தியாசமெல்லாம் நோய்க்குக் காரணம் போலவே தெரியும். பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்தும் தலைமுறைகளாகப் பெண் கொடுத்து எடுக்காத மக்கள் வாழும் நம் நாட்டில் இது எல்லா ஆய்வுக்கும் உள்ள சிக்கல்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். ‘ஆயிரம் ஜீனோம்’ திட்டத்தின் தரவு இலவசம். பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களும் அதில் இருக்கிறார்கள். பதினொன்றாவது குரோமோசோமில், ஜிஆர்சிஎச்38 வரைபடப்படி, அரிவாள் செல் எழுத்து மாறும் 5227002ஆம் இடத்தைப் பார். புத்தகத்தில் ‘ஏ’ என்பது ‘டி’ ஆகிறது என்று இருக்கும்; கோப்பிலோ ‘டி’ என்பது ‘ஏ’ ஆகியிருக்கும். பதறாதே. அந்த மரபணு எதிர் இழையில் இருக்கிறது, அவ்வளவுதான். இந்த மாதிரி இடங்களில் சந்தேகப்படத் தெரிந்தவள் பாதி ஆராய்ச்சியாளர்.

இந்தியத் தரவும் இப்போது இருக்கிறது. 83 சமூகக் குழுக்களிலிருந்து சுமார் 10,000 பேரின் ஜீனோம் தரவை ‘ஜீனோம் இந்தியா’ 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்தது. விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். அது சரிதான்; ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் ரத்தம் கொடுத்த மனிதர் ஒருவர் இருக்கிறார். நீலகிரி மக்கள் எழுபது வருடமாகக் கொடுத்து வருகிறார்கள். அவர்களுக்குத் திரும்பப் போனது எவ்வளவு என்று கேட்டால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆய்வுத் திட்டம் எழுதும் முன் கோத்தகிரி நாவா ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வா. அரிவாள் செல் நோயாளிகளை நெடுங்காலமாகக் கவனிப்பவர்கள்.

தரமணி கணித அறிவியல் நிறுவனம், சென்னை ஐஐடி, பெங்களூரு ஐஐஎஸ்சி, ஹைதராபாத் சிசிஎம்பி, கல்யாணி, இவற்றைப் பார். நிறுவனப் பெயரைவிட வழிகாட்டி முக்கியம். அவருடைய சமீபத்திய கட்டுரை இரண்டைப் படித்து, அதில் உனக்குப் புரியாத ஒன்றைக் கேட்டு மெயில் போடு. ‘தங்கள் மேலான ஆய்வு’ என்று தொடங்கும் மெயிலை யாரும் படிப்பதில்லை.

கார்டைட் ஃபேக்டரி வேலைக்குப் பரீட்சை எழுதச் சொல்லும் அண்ணனிடம், ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப் படி தனி என்று சொல். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் கணித அறிவியல் தாளையே எடு. சேர்ந்த பிறகு உயிரியலைக் கற்றுக்கொள்ளலாம்.

அன்புடன்,
சித்தப்பா