இரண்டாவது கேபிளைச் செருகும் முன்

எங்கள் கணினி ஆய்வகத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு மதிப்பீட்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. வினாக்கள் திரையில் மெதுவாக வந்தன. சர்வர் பக்கத்து ஸ்விட்ச்சுக்கும் மாணவர் பக்கத்து ஸ்விட்ச்சுக்கும் இடையே ஒரே கேபிள்தான். இன்னொன்று போட்டால் வேகம் இரட்டிக்குமே என்று, காலியாக இருந்த போர்ட்களில் இரண்டாவது கேபிளைச் செருகினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்விட்ச் விளக்குகள் எல்லாம் படபடவென்று துடிக்க, 20 கணினிகளும் நின்றுபோயின. பிள்ளைகள் முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

எண்ணம் சரி, செய்த முறைதான் தவறு. 'எல்லோருக்கும்' என்று வரும் செய்தியை, வந்த போர்ட் தவிர மற்ற எல்லாப் போர்ட்களிலும் அனுப்புவது ஸ்விட்ச்சின் இயல்பு. இரண்டு கேபிள் இருந்தால் ஒன்றில் போனது மற்றதில் திரும்பி வரும், மீண்டும் போகும். ஈதர்நெட் செய்திக்கு இத்தனை சுற்றோடு முடிந்துவிடு என்னும் ஆயுள் வரம்பு கிடையாது. செய்திகள் பெருகிப் பாதையை அடைத்துவிடுகின்றன. 1985இல் ராடியா பெர்ல்மன் உருவாக்கிய 'ஸ்பேனிங் ட்ரீ' முறை உள்ள ஸ்விட்ச் என்றால் இரண்டாவது கேபிளைத் தானே முடக்கிவிடும். ஆபத்து இல்லை, வேகமும் கூடாது.

இரண்டு கேபிளையும் ஒரே இணைப்பாக நினைக்கும்படி இரு ஸ்விட்ச்சுகளுக்கும் சொல்லிவைப்பதே 'லிங்க் அக்ரிகேஷன்'. இதற்கான பொதுத் தரம் 2000இல் வந்தது. இரு முனைகளும் ஒன்றுக்கொன்று பேசி உறுதி செய்துகொள்ளும் முறைக்கு எல்ஏசிபி என்று பெயர். மெனுவில் சிலர் இதை 'ட்ரங்க்' என்பார்கள், சிலர் 'ஈதர்சேனல்' என்பார்கள். வேறு சில ஸ்விட்ச்சுகளில் 'ட்ரங்க்' என்றால் வேறு பொருள். அங்கே குழம்ப வேண்டாம். அமைப்பை மாற்றும் வசதியே இல்லாத சாதாரண ஸ்விட்ச்சில் இதைச் செய்யவே முடியாது.

இனி வகுப்பறைக்கு வருவோம். "இரண்டு கேபிள் என்றால் இரண்டு மடங்கு வேகம்தானே சார்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். வகுப்பில் இரண்டு வாசல் இருந்தால் அதை வைத்தே விளக்கலாம். ஒரு கடிதத்தின் பக்கங்களை இரு வாசல் வழியாகவும் அனுப்பினால் மூன்றாம் பக்கம் இரண்டாம் பக்கத்தை முந்திவிடலாம். அதனால் ஒரு கணினிக்குச் செல்லும் ஓர் உரையாடல் முழுவதும் ஒரே கேபிளில்தான் போகும். எந்தக் கேபிள் என்பதை ஸ்விட்ச் முகவரிகளைக் கொண்டு கணக்கிடுகிறது. வரிசை எண் ஒற்றை என்றால் இடது வாசல், இரட்டை என்றால் வலது வாசல் என்று மாணவர்களைப் பிரித்துக் காட்டுங்கள். அன்று வந்திருப்பவர்களில் ஒற்றை எண்காரர்கள் கூடுதலாக இருந்தால் இடது வாசலில் நெரிசல்.

கணக்காகவே போட்டுவிடலாம். 20 கணினிகளும் ஒரே நேரத்தில் 90 மெகாபைட் வீடியோவை சர்வரிலிருந்து எடுக்கின்றன. மொத்தம் 1,800 மெகாபைட், அதாவது 14,400 மெகாபிட். நொடிக்கு 1,000 மெகாபிட் செல்லும் ஒரு கேபிளில், மற்ற தாமதங்களை விட்டுவிட்டால், 14.4 நொடி. இரண்டு கேபிளில் சரிபாதியாகப் பிரிந்தால் 7.2 நொடி. ஆனால் 13, 7 என்று பிரிந்தால் 13 கணினிகளின் கேபிளுக்கு 9.4 நொடி ஆகும். ஒரே ஒரு கணினி மட்டும் எடுத்தாலோ எந்த லாபமும் இல்லை. பள்ளிக்கு வரும் இணைய வேகமும் இதனால் கூடாது. ஆய்வகத்துக்குள் ஓடும் போக்குவரத்துக்கே இது பயன்படும்.

என்னைக் கேட்டால், வேகத்தைவிடப் பெரிய பயன் வேறு. ஒரு கேபிளை எலி கடித்தாலும் மற்றொன்றில் வேலை தொடரும். இரண்டையும் ஒரே குழாயில் விடாதீர்கள். ஸ்விட்ச்சே பழுதானால் இரண்டு கேபிள் இருந்தும் பயனில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

செய்யும் வரிசை முக்கியம். ஒரே வேகமுள்ள போர்ட்களைத் தேர்ந்து, முதலில் இரு ஸ்விட்ச்சிலும் எல்ஏசிபி அமைப்பை முடியுங்கள். கடைசியில்தான் இரண்டாவது கேபிள். பிறகு ஒரு வீடியோவை ஓடவிட்டு, கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். இதைத் தேர்வன்று செய்யாமல் முந்தைய நாளே செய்துவிடுங்கள்.