கரி எரிந்தபின் எடை எங்கே போகிறது?

அடுப்பில் ஒரு கிலோவுக்கு மேல் கரி போடுகிறோம். எரிந்து தணிந்தபின் எஞ்சுவது ஒரு பிடி சாம்பலே. மற்றது மறைந்துவிட்டதென்று எண்ணுதல் இயல்பு. ஆயினும், ரப்பர்ப் பாலை நாள்தோறும் நிறுத்துப் பழகிய தோட்டப் பாட்டாளிகள் அவ்வாறு எண்ண வேண்டியதில்லை. பத்துக் கிலோ பாலில் ஏறத்தாழ மூன்று கிலோ ரப்பரே கிடைக்கிறது. எஞ்சியது பெரும்பாலும் நீர். குறைந்த எடைக்குக் கணக்கு உண்டு. கரிக்கும் உண்டு.

கரியின் பெரும்பகுதி கார்பன் என்னும் தனிமமாகும். நன்கு எரியும்போது ஒரு கார்பன் அணு, காற்றிலுள்ள பிராணவாயுவின் இரண்டு அணுக்களுடன் சேர்ந்து கரியமில வாயு ஆகிறது. எரியுமுன் எத்தனை அணுக்களோ எரிந்தபின்னும் அத்தனையே. இவ்வாறு இருபுறமும் ஒத்திருப்பதையே சமன் செய்த சமன்பாடு என்பர். கார்பன் அணுவின் எடை 12, பிராணவாயு அணுவின் எடை 16. ஆகவே 12 பங்கு கார்பன், 32 பங்கு பிராணவாயுவை உட்கொண்டு 44 பங்கு கரியமில வாயுவைத் தருகிறது.

1,200 கிராம் தூய கார்பன் எரிவதாகக் கொள்வோம். அதனை 12ஆல் வகுக்க 100 வரும். 32ஐ 100ஆல் பெருக்கினால், வேண்டிய பிராணவாயு 3,200 கிராம். 44ஐப் பெருக்கினால், உண்டாகும் கரியமில வாயு 4,400 கிராம்!

இனி இக்கணக்கை வீட்டிற்குள் கொண்டு செல்வோம். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் படலாகாதென்று கதவு சன்னல்களை அடைத்துத் தணல் வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. மூன்று மீட்டர் நீள அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள அறையில் சுமார் 27 கிலோ காற்று இருக்கும்; அதில் பிராணவாயு ஆறு கிலோவுக்குச் சற்று மேல். மேற்சொன்ன கரிக்கே அதில் பாதி வேண்டும். அந்த அளவு தீருமுன்பே ஆபத்து வந்துவிடும்.

காற்று போதாதபோது ஒரு கார்பன் அணு ஒரே பிராணவாயு அணுவுடன் சேர்ந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவாகிறது. 12உடன் 16 சேர்ந்தால் 28. கரியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 120 கிராம், இவ்வாறு எரிந்தாலும் 280 கிராம் நச்சு வாயு உண்டாகும். அவ்வறையின் காற்றில் அது நூற்றில் ஒரு பங்கிற்கும் மேலாகும். சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கவல்லது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் செந்நிறப் பொருளைப் பிராணவாயுவைவிட இருநூறு மடங்கிற்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்ளும். அறையில் வாளித் தண்ணீர் வைப்பதாலும் பயனில்லை. இவ்வாயு நீரில் கரைவது மிகச் சொற்பம்.

தணலை வெளியில் வைத்துத் துணியைச் சூடாக்கி ஒற்றடம் கொடுக்கலாம். தணல் உள்ள அறையில் எவருக்கேனும் தலைவலி, குமட்டல், மயக்கம் கண்டால், கதவைத் திறந்து அவரை உடனே வெளியே தூக்கி வந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.