பெல்ட் இருந்தால் போதுமா?

கேள்வி: என் தம்பி கொத்தனார். நெய்யாற்றின்கரைப் பக்கம் மாடி வீடுகளில் சாரத்தில் நின்று பூசுகிறான். பாதுகாப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்தால் போதுமா?
– வாசகி, பாறசாலை

பதில்: போதாது, சகோதரி. பெல்ட்டின் கொக்கியை எங்கே மாட்டுகிறான் என்பதில்தான் உயிர் இருக்கிறது. கால்மட்டத்தில் மாட்டினால், பெல்ட்டோடு இணைந்த 1.8 மீட்டர் கயிறு இழுத்துப் பிடிக்கும் முன்பே 3 மீட்டருக்கு மேல் விழுந்துவிடுவான். ஒரு மாடியின் உயரமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குள் தரை வந்துவிடும். சாரக் கம்பில் மாட்டினால், சாரம் சரியும்போது அவனும் சேர்ந்து சரிவான். தலைக்கு மேலே, உறுதியான கான்கிரீட் தூணிலோ உத்திரத்திலோ மாட்ட வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் வேண்டாம். தோளையும் தொடையையும் சேர்த்துத் தாங்கும் பெல்ட்டை வாங்குங்கள். அதற்கும் முன்னால், சாரத்தில் இடுப்புயரத்துக்குத் தடுப்புக் கம்பி கட்டச் சொல்லுங்கள்.

முறையாகப் பழக, கொல்லம் மாவட்டம் சவறாவில் கேரள அரசின் கட்டுமானப் பயிற்சி நிறுவனம் 2018 முதல் இயங்குகிறது. இன்னொன்று: 18 முதல் 60 வயதுக்குள், முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்தவர்கள் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து அட்டை பெறலாம். விபத்து நடந்தபின் அட்டையைத் தேடிப் பயனில்லை. இந்த வாரமே தம்பியைப் பதியச் சொல்லுங்கள்.