சிறு கழகமும் நீள் அபிமானமும்

சென்ற ஆண்டின் ஒரு மாலையில், விளையாட்டு மைதானத்தினின்று விடுதிக்குத் திரும்பும் வழியில், மாணவர் ஒருவர் நம்மிடம் ஒரு வினா விடுத்தார். "ஐயா, வெல்லுகின்ற கழகத்தை விரும்புவது எவருக்கும் இயல்பு. ஆயின் ஓயாது தோற்கும் ஒரு சிறு கழகத்தை ஆயுள் முழுவதும் பற்றி நிற்பாரும் உலகில் இருக்கின்றனரே. அவர்கள் அறிவில்லாதவரா, அன்றி நாம் அறியாத ஒன்றை அறிந்தவரா?" என்பதே அவ்வினா. அன்று நாம் நகைத்து விடையிறுத்தோமேயன்றி நினைந்து விடையிறுத்தோமில்லை. பின்னர் அவ்வினா நம்மை விட்டு அகலாது நின்றமையால், நம் சஞ்சிகையின் வாயிலாக அதனைச் சற்று ஆராயப் புகுகின்றோம். இவ்வினாவுக்கு விடை தேடும் உரிமை நமக்கும் சிறிது உண்டு; ஏனெனில் நாமும் ஒரு கழகத்தின்மீது அபிமானம் வைத்து, அதன் உச்சத்தையும் மறைவையும் ஒருங்கே கண்டவரே.

மண்ணால் வாழும் ஊர்கள் இரண்டு

நாம் பிறந்து வளர்ந்த விருத்தாசலம், பழமலை என்னும் பொருள் தரும் பெயரையுடையது. திருமுதுகுன்றம் எனத் தமிழில் வழங்கி வந்த பழம்பதி. மணிமுத்தாற்றின் கரையிலே அமைந்தது. யாத்திரிகர்க்கு அது கோயில் நகரம். ரயிலில் செல்வோர்க்கு அது ஒரு சந்திப்பு. ஆனால் அங்கே வாழ்வோர் பலருக்கு அது பீங்கான் நகரம். களிமண்ணும் பெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் நீரிற் கலந்து பால்போற் கரைக்கப்பட்டு, பிளாஸ்டர் அச்சுக்களில் வார்க்கப்பெறுகின்றன. அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, மண் அதன் சுவரிலே படிந்து உருக்கொள்ளுகின்றது. உலர்ந்தபின் அது சூளையேறி, பொம்மையாகவும் குவளையாகவும் மின்சாரப் பியூஸ் கட்டையாகவும் வெளிவருகின்றது. பீங்கான் தொழிலைக் கற்பிக்க அரசினர் நிறுவிய கல்விச்சாலையும், சிறு தொழிலாளர்க்கென அமைந்த தொழிற்பேட்டையும் அவ்வூரில் உண்டு. மாலையிற் சூளைவேலை முடித்து, கைகளில் வெண்மண் உலர்ந்திருக்க, வெறுங்காலுடன் பந்துதைக்கும் இளைஞரை நாம் சிறு பிராயத்திலே கண்டிருக்கின்றோம். கால்பந்தாட்டத்தில் நமக்குண்டான பற்று அங்கேதான் தொடங்கிற்று.

இத்தகைய மற்றோர் ஊர் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ளது. ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்னும் அந்நகரம், ஆறு சிற்றூர்கள் 1910ஆம் ஆண்டில் ஒன்று சேர்ந்து உண்டானது. அவ்வாறனுள் ஒன்றாகிய பர்ஸ்லம், பீங்கான் கலையில் உலகப் புகழ் பெற்ற ஜொசையா வெட்ஜ்வுட் 1730இல் பிறந்த இடம். பீங்கான் தொழிலாளர் நிறைந்த அச்சிற்றூரின் கழகமே போர்ட் வேல். சிறு கழகத்தின்மீது வைக்கும் நீள் அபிமானத்துக்கு இதனினும் தக்க உதாரணத்தை நாம் அறியோம். ஆகவே முதற்கண் அதன் சரிதையைச் சுருக்கமாகக் காண்போம்.

பர்ஸ்லம் கழகத்தின் ஜயாபஜயங்கள்

இங்கிலாந்தின் கால்பந்து லீகில் இரண்டாம் பிரிவு 1892இல் ஏற்பட்டபோது, அதன் முதல் உறுப்பினருள் ஒன்றாக இக்கழகம் இடம்பெற்றது. எனினும் பொருள் முட்டுப்பாட்டால் 1907இல் லீகைவிட்டு விலகிக் கலைந்தது. பக்கத்திலிருந்த வேறொரு சிறு கழகத்தார் அப்பெயரை ஏற்று ஆடலாயினர், பெயர் பிழைத்தது. 1919இல் லீட்ஸ் நகரக் கழகம் முறையற்ற ஊதியம் வழங்கியதன் பொருட்டு லீகினின்று நீக்கப்பட, நடு ஆண்டில் காலியான அவ்விடத்தைப் போர்ட் வேல் பெற்றது.

1953-54ஆம் பருவத்தில் மூன்றாம் பிரிவின் வடபகுதியில் முதலிடம் பெற்ற இக்கழகம், அதே பருவத்தில் எப்.ஏ. கோப்பையின் அரையிறுதி ஆட்டம்வரை சென்றது. அங்கே வெஸ்ட் பிராம்விச் கழகத்தாரிடம் 2-1 என்ற கணக்கில் தோற்றது. வெற்றி கோலைப் பெனால்டியாக அடித்தவர், முன்னர் போர்ட் வேலிலேயே ஆடிப் பெயர்பெற்ற ரானி ஆலன். தான் வளர்த்த காலே தன்னை வீழ்த்தியதை அவ்வூரார் எங்ஙனம் பொறுத்திருப்பர் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1968இல் விதிக்கு மாறாகப் பணம் வழங்கிய குற்றத்திற்காக இக்கழகமே லீகினின்று நீக்கப்பட்டு, உடனே மற்றைக் கழகங்களின் வாக்கினால் மீண்டும் சேர்க்கப்பட்டது. 1919இல் பிறர் குற்றத்தால் இடம் பெற்ற கழகம், ஏறக்குறைய அதே குற்றத்தால் தன் இடத்தை இழக்க நேர்ந்தது விதியின் விசித்திரமே. ஜான் ரட்ஜ் என்பார் 1983 முதல் 1999 வரை பொறுப்பேற்று நடத்திய காலம் நற்காலம். 1988இல், மூன்றாம் பிரிவிலிருந்த இக்கழகம், முதற்பிரிவின் டாட்டன்ஹாம் கழகத்தைக் கோப்பை ஆட்டமொன்றில் 2-1 என வென்றது. பின்னர் மீண்டும் கடன். 2002 டிசம்பரிலும் 2012இலும் கழகம் கடன் நிர்வாகத்தாரின் கைக்குச் சென்றது. 2022இல் வெம்பிளி அரங்கிலே மான்ஸ்பீல்டை 3-0 என வென்று மேற்பிரிவேறியது; 2024இல் இறங்கியது; 2025இல் மீண்டும் ஏறியது. இத்தனை ஆண்டுகளில் நாட்டின் முதற்பிரிவை இக்கழகம் ஒருமுறையேனும் எட்டியதில்லை. அண்டையிலுள்ள ஸ்டோக் சிட்டி கழகமோ முதற்பிரிவிற் பல ஆண்டு ஆடியது. 1972இல் லீக் கோப்பையையும் வென்றது. சில மைல் தூரம் நடந்தால் பெருமையுள்ள கழகம் கிடைக்கும். ஆயினும் பர்ஸ்லம் அபிமானி நடப்பதில்லை.

ஏறுவதும் இறங்குவதும் ஏன்?

இவ்வேற்றத்தாழ்வு தற்செயலன்று, அமைப்பிலேயே உள்ளது. வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி எனக் கணக்கிட்டு, பருவத்தின் முடிவில் முன்னிற்பவர் மேற்பிரிவுக்கு ஏறுவர். பின்னிற்பவர் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவர். சிறு கழகம் ஓர் இளைஞனைப் பயிற்றி உருவாக்கினால், பெருங்கழகம் மிக்க பொருள் கொடுத்து அவனைக் கொண்டு செல்லும். அப்பொருளின்றிச் சிறு கழகம் ஊதியம் வழங்க இயலாது. அவ்வாட்டக்காரனின்றி வெல்லவும் இயலாது. ஆகவே அதன் வெற்றியிலேயே அதன் அடுத்த தோல்விக்கு வித்து உண்டு. ஏறிய பிரிவிற்கேற்பச் செலவு பெருகும். இறங்கினாலோ நுழைவுச்சீட்டு வருமானம் உடனே குறையும், ஆட்டக்காரரோடு செய்த ஒப்பந்தமோ உடனே குறையாது. கடன் பிறப்பது இவ்விடைவெளியிலேதான்.

இதனை அறிந்த அபிமானி இரண்டு நன்மை பெறுகின்றான். தோல்வியிலே ஒருவரையும் வீணே பழியான், வெற்றியிலே செருக்கடையான். ஒரே கழகத்திற்கென 1950 முதல் 1972 வரை 800க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடிய ராய் ஸ்ப்ராசனைப் போன்றவர் அக்கழகத்தில் இருந்தனர் என்பதும் கருதத்தக்கது. நிலைத்து நிற்பவரைக் கண்டே மக்களும் நிலைத்து நிற்கக் கற்கின்றனர்.

நம் நாட்டுக் கழகம் ஒன்று

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம். சென்னையில் 1946இல் நேதாஜி விளையாட்டுக் கழகம் என்ற பெயரால் ஒரு கழகம் தோன்றிற்று. நெடுங்காலம் சென்னை லீகிலே ஆடிய அதுவே, பின்னாளில் சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் எனப் பெயர் பெற்று, 2016-17ஆம் பருவத்தில் அகில இந்திய ஐ-லீகிற் புகுந்தது. முதலிரு பருவங்களிலும் அது 8ஆம் இடமே பெற்றது. முதற் பருவத்திற் சென்னையில் ஆடிய கழகம், அடுத்த பருவத்திற் கோயம்புத்தூருக்குச் சென்றது. அக்காலத்திலேதான் நாம் அதன்மீது பற்று வைத்தோம். நம்மைச் சூழ்ந்தோர் பலர் அதன் பெயரையும் அறியார்.

2018-19ஆம் பருவம் வந்தது. சிங்கப்பூரினின்று வந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்டக்காரர் சிலரோடு, எட்வின் வன்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ முதலிய தமிழ்நாட்டு இளைஞரும் சேர்ந்தாடினர். முன்னணியில் நின்ற பெட்ரோ மான்சி அப்பருவத்தில் 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9ஆம் நாள் இறுதி ஆட்டம். ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்கால் கழகம் பின்தொடர்ந்து நின்றது. அன்று நாம் விருத்தாசலம் சந்திப்பில் ரயிலுக்காகக் காத்திருந்தோம். மினர்வா பஞ்சாப் கழகம் தொடக்கத்திலேயே கோல் அடித்துவிட்டதென்று கைபேசி அறிவித்தது. முற்பாதி அவ்வாறே கழிந்தது. நமக்கு வரவேண்டிய ரயில் வந்தது, ஏறினோமில்லை. பிற்பாதியில் மான்சி பெனால்டியால் சமன் செய்ய, கௌரவ் போரா இரு கோல் அடிக்க, ஆட்டம் 3-1 என முடிந்தது. 20 ஆட்டங்களில் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தமிழ்நாட்டுக் கழகமொன்று தேசிய லீகிலே முதன்மை பெற்றது அதுவே முதன்முறை. பக்கத்திலே தேநீர் அருந்திய முதியவர் ஒருவர், "யாருக்காவது பிள்ளை பிறந்ததா?" என்று நம்மைக் கேட்டார். "ஆம், எழுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து" என்றோம். அவர் நம்மை ஐயத்தோடு நோக்கினார்.

அவ்வாண்டில் ஸ்விட்சர்லாந்தின் பாசல் கழகம் 26 விழுக்காடு பங்கு பெற்றதும் நம்பிக்கையூட்டியது. ஆனால் ஐ-லீகில் வென்றோர் இந்தியன் சூப்பர் லீகுக்கு ஏறும் வழி அக்காலத்தில் இல்லை. அவ்வழி திறந்து முதன்முதல் ஒரு கழகம் ஏறியது 2023இலேதான். ஏணியின் மேற்படியில் நின்றவர்க்கு அதற்குமேற் படி இல்லாது போயிற்று. 2020 ஜனவரியில் மான்சி ஜப்பானுக்குச் சென்றார். மார்ச்சில் தொற்றுநோயால் ஆட்டங்கள் நின்றன. 2020-21 பருவம் வங்காளத்திலேயே, காண்போரின்றி நடந்தது. அதற்கடுத்த பருவத்து ஐ-லீகில் நம் கழகத்தின் பெயர் இல்லை. சாம்பியன் பட்டம் பெற்று மூன்றாண்டு நிறைவதற்குள் இவ்வளவும் நிகழ்ந்தது.

இரண்டையும் ஒப்பு நோக்கின்

கலைந்தும் கடன்பட்டும் நீக்கப்பட்டும் போர்ட் வேல் நிலைத்தது. வென்றும் சென்னைக் கழகம் லீகினின்று மறைந்தது. இதன் காரணம் யாது? பொருளும் அமைப்பும் காரணங்களே. ஆயினும் மற்றொன்றும் உண்டென்று நாம் கருதுகின்றோம். போர்ட் வேல் ஓர் ஊரின் உடைமை. தந்தை மகனைத் தோளிலேற்றிச் சென்ற இடத்திற்கே அம்மகன் தன் மகனை அழைத்துச் செல்லுகின்றான். 2003இல் கழகம் விலைக்கு வந்தபோது அபிமானிகளே கூட்டுச் சேர்ந்து அதனை வாங்கினர். அதனாற் கடன் என்றென்றைக்கும் தீர்ந்துவிடவில்லை என்பது 2012இல் விளங்கிற்று. எனினும் கைவிடாதார் உளர் என்பதும் விளங்கிற்று. பர்ஸ்லத்தின் பெயர்பெற்ற ராயல் டவுல்டன் பீங்கான் ஆலை 2005இல் மூடப்பட்டது. ஊர்க்குப் பெயர் தந்த தொழில் சுருங்கியபின்னும், சனிக்கிழமைதோறும் ஊரார் ஒன்றுகூடுவதற்கு அக்கழகம் ஓரிடமாய் நிற்கின்றது.

நம் கழகத்துக்கோ அத்தகைய வேர் ஊன்றக் காலம் வாய்க்கவில்லை. பெயரில் ஓர் ஊர், ஆடியது ஓர் ஊர், நம்மைப்போற் பற்று வைத்தவர் வேறு பல ஊரினர். நாமும் கைபேசியிலே களித்தோமேயன்றி, கோயம்புத்தூர் சென்று ஒரு நுழைவுச்சீட்டு வாங்கினோமில்லை. இதனைச் சொல்ல நாணுகின்றோம். ஆயினும் சொல்லாது விடுவது நேர்மையன்று. காண வருவோர் கூட்டமே சிறு கழகத்தின் முதற் செல்வம். அச்செல்வத்தில் நம் பங்கை நாம் செலுத்தவில்லை.

முடிவுரை

ஆகவே மாணவரின் வினாவுக்கு இப்போது விடை கூறுவோம். தோற்கும் கழகத்தைப் பற்றி நிற்பார் அறிவில்லாதவர் அல்லர். வெற்றி என்பது வந்து போவது என்றும், கூடியிருத்தல் என்பது நாமே நிலைநிறுத்த வேண்டியது என்றும் அவர்கள் அறிந்திருக்கின்றனர். வெற்றியை மட்டும் விரும்புவோன் கழகத்தை விரும்புவோன் அல்லன். அவன் விரும்புவது தன் களிப்பையே.

மாணவ நண்பர்களே! உங்கள் ஊரிலும் ஒரு சிறு கழகம் இருக்கும். வரிசையிற் கடைசியாக நிற்கும். பந்துக்கு உறை வாங்கவும் அதனிடம் பொருள் இராது. அடுத்த ஞாயிறன்று அதன் ஆட்டத்துக்குச் செல்லுங்கள், எல்லைக்கோட்டருகே நில்லுங்கள், தோற்றாலும் மறு ஞாயிறு செல்லுங்கள். இம்முறை ஊருக்குச் சென்றிருந்தபோது நாம் அவ்வாறு செய்தோம். சூளைவேலை முடித்த இளைஞர் ஆடினர். நமக்கு வேண்டியவர் 4-0 எனத் தோற்றனர். ஆட்டம் முடிந்தபின் ஓர் இளைஞர் வந்து, "ஐயா, அடுத்த வாரமும் வருவீர்களா?" என்றார். வருவோம் என்றோம்.