நண்பகல் நிழல் எந்தப் பக்கம் விழும்?

எட்டாம் வகுப்பின் முதல் இடைப்பருவத் தேர்வில் நான் கேட்ட ஒரு மதிப்பெண் வினா இது: ‘நண்பகலில் நம் பள்ளிக் கொடிக்கம்பத்தின் நிழல் எந்தத் திசையில் விழும்?’ நான் எதிர்பார்த்த விடை வடக்கு. இந்தியா வட அரைக்கோளத்தில் இருக்கிறது, சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து செல்கிறது, ஆகவே நிழல் வடக்கே விழும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வந்தேன். வகுப்பில் எல்லோரும் அப்படியே எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் ‘தெற்கு’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன்.

விடைத்தாளைக் கொடுத்தபோது அவள் மெதுவாக, “தெக்கதான் டீச்சர் விழுது. சத்துணவுக் கூடத்துப் பக்கமா” என்றாள். வகுப்பு சிரித்தது. “நோட்டை எடுத்துப் படிச்சிட்டு வா” என்று சொல்லி அடுத்த தாளை எடுத்தேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம், மதிய உணவுக்கு மணி அடிக்கக் காத்திருந்தபோது கொடிக்கம்பத்தைப் பார்த்தேன். மணி 12.20. நிழல் சத்துணவுக் கூடத்தை நோக்கி நீண்டு கிடந்தது. எங்கள் பள்ளியில் சத்துணவுக் கூடம் தெற்கே இருக்கிறது. அந்த மாணவி அதற்குள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து நிலவரைபடத்தை விரித்து வைத்து யோசித்தேன். நான் சொல்லிக்கொடுத்தது டெல்லிக்குப் பொருந்தும். கடகரேகைக்கு வடக்கே உள்ள எந்த ஊருக்கும் பொருந்தும். நம்முடைய தமிழ்நாடோ ஏறத்தாழ 8 பாகையிலிருந்து 13.5 பாகை வரையான வட அட்சரேகைகளுக்குள் அடங்கிவிடுகிறது. சூரியன் ஆண்டுதோறும் 23.5 பாகை வடக்கு வரை வந்து திரும்புகிறது. அப்படியானால் நம் தலையைக் கடந்து வடக்கே போய்விட்டு, மறுபடியும் தலையைக் கடந்துதான் தெற்கே வரவேண்டும். மதுரைப் பக்கம் இருக்கும் எங்களுக்கு ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை, நான்கு மாதத்துக்கும் மேலாக, நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. பள்ளி திறந்து முதல் மூன்று மாதமும் கண்முன்னே கிடந்த நிழலை நான் பார்க்கவில்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

அந்த ஆண்டு முழுவதும் எங்கள் வகுப்பின் வேலை நிழலை அளப்பதாகவே ஆனது. செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்காக நாங்கள் செய்ததையும், எங்கே தவறினோம் என்பதையும் எழுதுகிறேன்.

தேவைப்பட்டவை ஒரு மீட்டர் நீளக் குச்சி, தூக்குக்குண்டு, சாக்பீஸ், அளவுநாடா, நேரம் சரியாகக் காட்டும் ஒரு கைப்பேசி. குச்சியை ஒரு வாளி மணலில் ஊன்றினோம். முதல் நாள் அளவுகள் எல்லாம் தாறுமாறாக வந்தன. ஒரு மாணவனின் அப்பா கொத்தனார். அவன்தான் வீட்டிலிருந்து தூக்குக்குண்டைக் கொண்டுவந்து பிடித்துப் பார்த்து, “குச்சி சாஞ்சிருக்கு டீச்சர்” என்றான். ஒரு மீட்டர் குச்சியின் நுனி ஒரு சென்டிமீட்டர் சாய்ந்தால் நிழலின் நுனியும் ஏறத்தாழ அவ்வளவு நகர்ந்துவிடும். தரையும் மட்டமாக இல்லை. மழைநீர் ஓட வேண்டும் என்பதற்காகச் சிமெண்டுத் தளத்தைச் சாய்வாகத்தான் போட்டிருப்பார்கள். மறுநாள் ரசமட்டமும் வந்தது. ஒரு பலகையை மட்டம் பார்த்து வைத்து அதன்மேல் அளந்தோம். அந்த வாரம் முழுக்க என்னைவிட அந்த மாணவனிடம்தான் வகுப்பு அதிகம் கேள்வி கேட்டது.

நிழலின் நுனி கூர்மையாகத் தெரிவதில்லை என்பது அடுத்த சிக்கல். ஒரே நிழலை மூன்று குழுக்கள் மூன்று விதமாக அளந்தார்கள். நான் முதலில் கவனக்குறைவு என்று நினைத்துக் கடிந்துகொண்டேன். அது கவனக்குறைவு இல்லை. சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானில் அரைப் பாகை அகலமுள்ள ஒரு வட்டு. ஆகவே ஒரு மீட்டர் தள்ளி விழும் நிழலின் விளிம்பு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக மங்கித்தான் தீரும். குச்சியின் தலையில் சிறு துளையிட்ட அட்டை ஒன்றைப் பொருத்தினோம். நிழலுக்கு நடுவே ஓர் ஒளிப்பொட்டு கிடைத்தது. அதன் மையத்தைக் குறிப்பது எளிது. துளையைச் சதுரமாக வெட்டிப் பார்த்தார்கள், முக்கோணமாக வெட்டிப் பார்த்தார்கள். துளை சிறிதாக இருக்கும்வரை, சற்றுத் தள்ளிப் பிடித்தால் பொட்டு வட்டமாகவே இருந்தது. அது துளையின் வடிவம் அல்ல, சூரியனின் பிம்பம் என்று அவர்களே சொல்லும்வரை நான் வாய் திறக்கவில்லை. அன்று மாலை வேப்பமரத்தடியில் கிடந்த ஒளிப்பொட்டுகளையெல்லாம் சூரியன் சூரியன் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். நாம் தரையைப் பார்க்கிறோம், சூரியனைப் பார்ப்பதில்லை. கண்ணாடி அணிந்தும், துளை வழியாகவும், ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது. குறிப்பவர்கள் இரண்டு பேர் மட்டும் வெயிலில், மற்றவர்கள் நிழலில்; பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும்.

காலை 11.30 முதல் 1.10 வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தோம். நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரம்தான் உண்மையான நண்பகல். அது 12 மணிக்கு வரும் என்று வகுப்பே பந்தயம் கட்டியது. ஜூலையில் 12.24-ஐ ஒட்டி வந்தது. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. மதுரை 78 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் நமக்கு 17, 18 நிமிடம் தாமதம். மிச்ச நிமிடங்கள் எங்கிருந்து வந்தன? வெள்ளிக்கிழமைதோறும் சரியாக 12.20-க்கு நிழல் நுனியில் பெயிண்ட் பொட்டு வைத்துக்கொண்டே வந்தோம். பொட்டுகள் வடக்கு தெற்காக ஒரே நேர்க்கோட்டில் நகரும் என்று எதிர்பார்த்தோம். அவை வளைந்து, ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய ஓர் 8 போல ஆகிவிட்டன. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதும், அதன் பாதை முழு வட்டமாக இல்லாததும் சேர்ந்து, சூரியனைக் கடிகாரத்துக்குச் சில நாள் முன்னும் சில நாள் பின்னும் ஓட வைக்கின்றன. எங்கள் ஊரில் நவம்பர் தொடக்கத்தில் நண்பகல் 12.01-க்கே வந்துவிடுகிறது, பிப்ரவரி நடுவில் 12.32 ஆகிறது. இந்த வயதில் இவ்வளவு விளக்கம் போதும் என்பது என் எண்ணம். அரை மணி நேரம் நகர்கிறது என்பதைத் தாங்களே கண்டுபிடித்ததுதான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

திசை காண ஒரு பழைய முறை உண்டு. குச்சியை மையமாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் மறுபடி தொடும் இடத்தையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. இரும்புக் கம்பத்தின் அருகே வைத்த திசைகாட்டியைவிட இது நம்பகமாக இருந்தது. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு இடம் குறிக்கும் பகுதியில் இரண்டு கோல்களை நட்டு நண்பகல் பார்த்த செய்தி வருகிறது என்று தமிழாசிரியர் வகுப்புக்கு வந்து விளக்கினார். கொத்தனார் மகன் அன்று இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். என்னோடு படித்த தோழி சென்னையில் ஆசிரியராக இருக்கிறார். அவர் மாணவர்களும் அதே அளவுக் குச்சியோடு தயாராக இருந்தார்கள். கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்தோம். 12.21, 12.22 வாக்கில் அந்தப் பக்கத்திலிருந்து, “எங்களுக்குக் குட்டையாயிருச்சு!” என்று கூச்சல். எங்கள் நிழலோ இன்னும் சுருங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு 12.30 ஆனது. சென்னை எங்களுக்குக் கிழக்கே இருப்பதைப் பிள்ளைகள் காதால் கேட்டது அன்றுதான்.

எங்கள் நிழல் 32.5 சென்டிமீட்டர், அவர்களுடையது 38.5. எட்டாம் வகுப்புக்கு முக்கோணவியல் தெரியாது, தேவையும் இல்லை. ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கி 20 சென்டிமீட்டர் குச்சியும் 6.5 சென்டிமீட்டர் நிழலுமாக வரைபடத்தாளில் செங்கோண முக்கோணம் வரைந்து, மேல்முனைக் கோணத்தைக் கோணமானியால் அளந்தார்கள். எங்களுக்கு 18 பாகை, சென்னைக்கு 21. வேறுபாடு 3 பாகை. ஒரு பந்தில் இரண்டு குண்டூசிகளைக் குத்தி வெயிலில் பிடித்தால், இந்த வேறுபாடு பூமியின் வளைவிலிருந்து வருகிறது என்பது புரிந்துவிடும். எரட்டோஸ்தெனிஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் செய்தது இதைத்தான். சையீன் நகரில் கிணற்றின் அடிவரை வெயில் விழும் நாளில் அலெக்சாந்திரியாவில் 7.2 பாகை நிழல் கிடைத்தது.

முழு வட்டத்தில் 3 பாகை 120 முறை அடங்கும். “சென்னைக்கு எத்தனை கிலோமீட்டர்?” என்று கேட்டேன். பேருந்தில் போய்வந்த ஒருவன் 460 என்றான். பெருக்கினால் 55,200 கிலோமீட்டர். புத்தகத்தில் பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000. வகுப்பு வாடிப்போனது. விடையை நானே சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அந்தச் சிவப்புப் பெருக்கல் குறி நினைவுக்கு வந்து பேசாமல் இருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து ஒரு சிறுமி, “பஸ் வளைஞ்சு வளைஞ்சுல்ல டீச்சர் போகுது. மெட்ராஸ் நேர் வடக்கேயும் இல்லையே, அவங்களுக்குத்தானே முதல்ல குட்டையாச்சு” என்றாள். சுவர் வரைபடத்தில் வடக்கு தெற்குத் தூரத்தை மட்டும் அளந்தார்கள்: 350 கிலோமீட்டர். 120-ஆல் பெருக்கினால் 42,000.

கைதட்டினார்கள். நான் முழுதாகக் கைதட்டவில்லை. கோணமானியில் அரைப் பாகை பிசகுவது சாதாரணம். 3 பாகைக்குப் பதில் 3.5 என்று படித்திருந்தால் 36,000 ஆகியிருக்கும். கொஞ்சம் அதிர்ஷ்டமும் எங்களுக்கு இருந்தது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். புத்தக விடை வந்ததும் நிறுத்திவிடும் பழக்கம் என்னிடமும் இருந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நிழலில்லா நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். செங்குத்தான பொருளுக்கு நண்பகலில் நிழலே விழாத நாள் நம் ஒவ்வோர் ஊருக்கும் ஆண்டில் இரண்டு முறை வருகிறது. மதுரைக்கு ஏப்ரல் 16, ஆகஸ்ட் 27 ஒட்டி. சென்னைக்கு ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஒட்டி. தெற்கே போகப்போக ஏப்ரல் நாள் முந்தும், ஆகஸ்ட் நாள் பிந்தும். ஏப்ரல் நாள் தேர்வுப் பரபரப்பில் போய்விடும். ஆகஸ்டில் பள்ளி நடக்கும், ஆனால் மேகம் வரும். முன்னும் பின்னும் இரண்டு நாள் சேர்த்துத் திட்டமிடுங்கள். ஒரு நாள் தள்ளிப் பார்த்தாலும் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. அன்று நண்பகல் 12-க்கு வந்து நிழலைப் பார்த்துவிட்டு ‘பொய்’ என்று பிள்ளைகள் போய்விடாமல், உங்கள் ஊர் நண்பகல் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கண்டுபிடிக்கச் சொல்லிவிடுங்கள்.

அந்த மாணவியை மார்ச் மாதம் ஒரு மாலை பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். நடந்ததைச் சொல்லி, நீ எழுதியதுதான் சரி, நான் போட்டதுதான் தப்பு என்றேன். அவளுடன் நின்ற தோழிகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்; கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். “எங்க வீட்டுல மாடு கட்டுற கம்பு நிழலும் அப்படித்தான் டீச்சர் விழும்” என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, “அப்ப அந்த ஒரு மார்க்கு?” என்று கேட்டாள்.

இந்த ஆண்டு முதல் இடைப்பருவத் தேர்விலும் அதே வினாவைக் கேட்டேன். அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்திருந்தேன்: ‘நீ பார்த்த நாளையும் நேரத்தையும் எழுதுக.’